அச்சமும் நகையும்: தமிழ்த் திரையிற் கொல்விலங்குக் கதைகளும் சிவகாசி வட்டாரச் சான்றுகளும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களை நான்கென வகுத்து, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அவற்றை முறைப்படுத்துகின்றார். நகைக்குரியனவும் நான்கே என்பர். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை முதலாவது, அச்சம் ஐந்தாவது. இவ்விரண்டும் ஒரே பொருள்பற்றி, ஒரே நேரத்தில், ஒருவன் உள்ளத்தே தோன்றுதல் கூடுமோ என்னும் வினா இலக்கணத்தில் நேராக எழுப்பப்படவில்லை. இலக்கியத்திலும், இலக்கியத்தின் இளைய கிளையாகிய திரைக்கதையிலும் அவ்வினாவுக்கு விடை கிடைக்கின்றது.

மனிதரைக் கொல்லும் விலங்கொன்றை நடுநாயகமாக வைத்து, காண்போரை அஞ்சவும் சிரிக்கவும் செய்யும் படங்களை மேனாட்டார் ஒரு தனிவகையாகவே கொண்டுள்ளனர். 2006-இல் வெளிவந்த ‘பிளாக் ஷீப்’ என்னும் நியூசிலாந்துப் படத்தில் செம்மறியாடுகள் மனிதரைக் கடித்துக் குதறுகின்றன. 2023-இல் வெளிவந்த ‘கொக்கெய்ன் பேர்’ என்னும் அமெரிக்கப் படத்தில் போதைப்பொருளைத் தின்ற கரடியொன்று காட்டில் வெறியாடுகின்றது. இவ்வகை நம்மவர்க்கு முற்றும் புதிது என்றும், தமிழ்த் திரையில் ஒத்த கூறுகள் காணப்படின் அவை இரவற் சரக்கே என்றும் கூறுவாருளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரம் ஈண்டு இடம்பெறுவது, அங்குப் படங்கள் மிகுதியாக எடுக்கப்பட்டமையால் அன்று. படங்களின் சுவரொட்டிகளும், விலங்குருவம் பொறித்த தீப்பெட்டிச் சித்திரங்களும், வெடிகளும் அங்கிருந்தே தமிழகம் முழுவதும் பரவின. அச்சத்தையும் நகையையும் ஒருசேரக் கடைச்சரக்காக்கிய ஊர் அது என்னலாம்.

முதலிற் பழைய வழக்கை நோக்குவோம். கொல்விலங்கைக் கண்டு ஊரார் திரண்டு நிற்கும் காட்சி முல்லைக்கலியில் விரிவாக உள்ளது. ஏறு தழுவுவான் புகுந்த பொதுவர் கொம்பிற் குத்துண்டு வீழ்கின்றனர்; பரணிலிருந்து மகளிர் அதனைக் கண்டு உரையாடுகின்றனர். 103-ஆம் பாட்டிலே ஒரு காட்சி வருகின்றது. குடர் சரிந்து எருதின் கோட்டிற் சுற்றிக்கொண்டதொரு வீரன், அவ்வெருதின் முன்னரே நின்று தன் குடரைக் கையால் வாங்குகின்றான். அதற்குப் புலவர் கூறும் உவமை, சிவந்த நூற்சிட்டத்தை ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றொருவன் அந்நூலை முப்புரியாகச் சுற்றியெடுப்பது போலும் என்பது. படிப்போர்க்கு உடல் சிலிர்க்கின்றது. அடுத்த கணமே இதழ்க்கடையில் ஒரு முறுவலும் எழுகின்றது. கொடுமையின் உச்சத்தில் வீட்டுத் திண்ணையில் நிகழும் எளிய கைவேலையைக் கொண்டுவந்து வைத்த திறம் இது. உரையாசிரியர்கள் இதனைப் பெருமிதம் என்பர், அது தகும். ஆயினும் பெருமிதம் ஒன்றுமட்டுமே இவ்வுவமைக்குக் காரணம் என்று கொள்ள எம் மனம் ஒருப்படவில்லை.

பின்னர் வந்த பரணி நூல்களிற் பேய்கள் போர்க்களத்தே கூழட்டு உண்ணும் பகுதியும் இத்தகையதே. செயங்கொண்டார் அப்பேய்களை அச்சுறுத்துவனவாகவும், அதேபொழுது பசியால் வாடி ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும் நகைப்பாத்திரங்களாகவும் படைத்தார். வடமொழியிற் காஞ்சியின் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில், காபாலிகனுடைய மண்டையோட்டுக் கலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது கதையின் முடிச்சு. எனவே அஞ்சத்தக்க பொருளை நகைக்குக் களனாக்குதல் இந்நாட்டில் ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட வழக்கம்.

இனி, பேராசிரியர் உரையில் ஒரு நுட்பம் உண்டு. அணங்கு என்பதற்குப் பொருள் கூறுமிடத்துப் பேயையும் பூதத்தையும் அடுத்துப் பாம்பையும் எண்ணி, உருமிசை முதலியவற்றையும் அவ்வகையில் அடக்குகின்றார். விலங்கு என்பதற்கு அரிமா முதலாயினவற்றைக் காட்டுகின்றார். ஆகவே பாம்பு விலங்கு அன்று, அணங்கு; இடியோசையும் அணங்கே. தமிழ்த் திரையின் வரலாற்றை வகுத்தற்கு இப்பாகுபாடு மிகவும் பயன்படுகின்றது. மேனாட்டார் வகுத்த பிரிவுகளைக் காட்டிலும் நன்கு பயன்படுகின்றது.

விலங்கச்சத்தை நேராகக் கைக்கொண்ட பழைய முயற்சி 1952-இல் வெளிவந்த ‘காடு’ என்னும் படம். சேலம் மாடர்ன் தியேட்டர்சு உரிமையாளர் டி. ஆர். சுந்தரம், அமெரிக்க நிறுவனமொன்றுடன் கூடி எடுத்த அப்படத்தின் ஆங்கில வடிவம் ‘தி ஜங்கிள்’ எனப்பட்டது. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராடு கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய அமெரிக்க நடிகருடன் நம் எம். என். நம்பியாரும் நடித்தார். யானைக் கூட்டங்கள் காட்டைவிட்டு வெறிகொண்டு ஓடிவந்து ஊர்களை அழிக்கின்றன. காரணம் அறியச் சென்றோர், பனியூழிக்காலத்து மாமத யானைகள் அக்காட்டில் உயிரோடிருந்து ஏனைய யானைகளை வெருட்டுவதனைக் காண்கின்றனர். இதுவே கதை.

மாமதம் என்னும் விலங்கு வடபுலத்துக் குளிர்நிலங்களில் வாழ்ந்து பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் அருகிப்போனது. அதன் கடைசிக் கூட்டம் சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ராங்கல் தீவில் ஏறத்தாழ 4000 ஆண்டுகட்கு முன் மறைந்தது என்பர் அறிவியலார். உடல் முழுவதும் கம்பளி போன்ற மயிர் போர்த்த அவ்விலங்கைத் தென்னாட்டுக் கானகத்து வெயிலில் உலவவிட்டமை பேதைமைக்கு எடுத்துக்காட்டு. அன்றியும், திரையிற் கண்ட மாமதம் மயிர்ப்போர்வை போர்த்த நாட்டு யானையே. ஆண்டுதோறும் கோயில் விழாவில் யானைக்கு முகபடாம் அணிவித்துப் பழகிய தமிழ் மக்கள், போர்வையின் கீழ் இருப்பது எது என்பதனை உணர்வதற்கு அரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டுவதில்லை. தொல்காப்பியர் முறைப்படி நோக்கின், இப்படத்தை எடுத்தோர் கருதியது அச்சமும், புதுமையும் பெருமையும் பற்றிய மருட்கையும் ஆகும். விளைந்தது எள்ளல் பற்றிய நகை. எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலும், பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் எனப் பேராசிரியர் கூறுவர். ‘காடு’ பெற்ற நகை இரண்டாம் வகை. எனினும் அதனை இழித்துரைத்தல் வரலாற்றாசிரியன் தொழில் அன்று. தமிழகத்துப் படக்கம்பெனி ஒன்று, விலங்கச்சம் என்னும் பொருளை மேனாட்டாரோடு சம உரிமை கொண்டு கையாண்ட காலம் அது என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1956-இல், சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர் தம் தேவர் பிலிம்சின் முதற்படமாகத் ‘தாய்க்குப்பின் தாரம்’ என்பதனை வெளியிட்டார். எம். ஏ. திருமுகம் இயக்க, எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த இப்படத்திற் கொல்விலங்கு ஓர் எருது. தலைவனின் தந்தை அதனை அடக்கப் புகுந்து உயிரிழக்கின்றார். மகன் பின்னர் அதனை அடக்குகின்றான். மாமதத்தைப் போல இரவல் வாங்கிய விலங்கு அன்று இது. முல்லைக்கலியின் ஏறு, இரண்டாயிரம் ஆண்டு நடந்து, கொட்டகைத் திரையில் வந்து நிற்கின்றது. ஈங்கு நகைக்கு இடமில்லை, பெருமிதமே மிக்கது. தமிழ்த் திரையிற் கொல்விலங்குக் கதையின் உள்நாட்டுத் தொடக்கம் எது என வினவுவார்க்கு யாம் காட்டுவது ‘காடு’ அன்று. ‘தாய்க்குப்பின் தாரம்’ என்பதே.

தேவர் விலங்கைக் கொலைஞனாக நெடிது வைத்திருக்கவில்லை. 1967-இல் ‘தெய்வச் செயல்’, 1971-இல் இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’, 1972-இல் தமிழில் ‘நல்ல நேரம்’ என யானைக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தார். பின்னிரண்டு படங்களில் மனைவியானவள், வீட்டில் வளரும் யானையாற் குழந்தைக்குத் தீங்கு நேருமோ என அஞ்சுகின்றாள். அவ்வச்சம் பொய்யச்சம் என்பதே கதையின் கருத்து. கொல்லும் என்று கருதப்பட்ட விலங்கு காக்கும் விலங்காதல் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை வாசித்தோர்க்குப் புதிதன்று. குழந்தையைப் பாம்பினின்று காத்த கீரியைத் தவறாக உணர்ந்து கொன்ற பார்ப்பனியின் கதை அங்குக் கோவலன் பண்பை விளக்கும் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பஞ்சதந்திரத்தினின்று வந்த அக்கதை காவியத்திற் புகுந்து, மக்கள் வாயிலும் நிலைத்தது. தேவர் அதனை நூலிற் படித்தாரோ பாட்டியர் வாயிற் கேட்டாரோ, பொய்யச்சத்தின் சுவையை அவர் நன்கு அறிந்திருந்தார். அஞ்சியது வீண் என்று தெளிந்தவுடன் எழும் சிரிப்பே, அச்சமும் நகையும் சேரும் வாயில்களுள் மிக எளியது.

1977-இல் ஆர். தியாகராசன் இயக்கத்தில் வெளிவந்த ‘ஆட்டுக்கார அலமேலு’ இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. ஸ்ரீபிரியாவும் சிவகுமாரும் நடித்த இப்படத்தின் உண்மையான தலைவன் ஓர் ஆட்டுக்கிடாய். அது வஞ்சகரை முட்டித் தாக்குகின்றது, காண்போர் சிரிக்கின்றனர், சிரித்துக்கொண்டே அக்கிடாயின் பக்கம் சேர்ந்துவிடுகின்றனர். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த நியூசிலாந்துப் படத்தோடு இதனை ஒப்பிடுக. அங்கு ஆடு அஞ்சத்தக்கதாவது ஆய்வுக்கூடத்தில் மனிதன் செய்த பிழையால்; ஆடு தன் இயல்பினின்று திரிந்துவிட்டது; எனவே அதனை ஒழித்தல் வேண்டும். இங்கோ ஆடு தன் இயல்பினின்று திரியவில்லை. முட்டுதல் கிடாயின் இயல்பே. அவ்வியல்பு அறத்தின் பக்கம் நின்று தொழிற்படுகின்றது. அங்குக் கொல்விலங்கு நோய், இங்கு நடுவர். நகை இரண்டிடத்தும் உளது. அதன் வேர் வேறு. இரவற் சரக்கு என்பார் கூற்றுக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுவதில்லை.

பாம்புப் படங்களுக்கு வருவோம். 1974-இல் ‘வெள்ளிக்கிழமை விரதம்’ வெளிவந்தது; 1979-இல் துரை இயக்கிய ‘நீயா?’ வந்தது. பின்னதற்கு மூலம் 1976-இன் இந்திப் படமாகிய ‘நாகின்’. தன் துணையைக் கொன்ற மாந்தரைப் பெண்பாம்பு ஒருவர்பின் ஒருவராகப் பழிவாங்குகின்றது. கொலைகளை எண்ணிப் பார்ப்பின், தமிழ்த் திரையிற் கொல்விலங்கு என்னும் பெயர்க்கு இப்படமே பெரிதும் உரியது. ஆயினும் ஈங்கு நகைக்கு இடமில்லை. யானைப் படங்களிலும் ஆட்டுப் படத்திலும் உரத்துச் சிரித்த அவை பாம்பு தோன்றிய அளவில் அடங்கிவிடுகின்றது. காரணம் பேராசிரியர் உரையிலேயே உள்ளது. பாம்பு அணங்கு வகையைச் சேர்ந்தது. விலங்கை எள்ளலாம், அணங்கை எள்ளுதல் கூடாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இராம நாராயணன் எடுத்த பல படங்களில் யானையும் குரங்கும் நாயும் வேடிக்கை செய்ய, நாகம் மட்டும் தெய்வச் சாயலோடு நிற்பதும் இதனாலேயே. உரையாசிரியர் வகுத்த எல்லைக்கோட்டை, உரையைப் படித்திராத படமுதலாளிகள் வழுவாது போற்றினர் என்பது வியப்பு.

விலங்கச்சமும் நகையும் கருதியே ஒருங்கு பின்னப்பட்ட படமாக யாம் கொள்வது 2012 திசம்பரில் வெளிவந்த ‘கும்கி’. பிரபு சாலமன் இயக்கியது. விக்ரம் பிரபு, இலட்சுமி மேனன், தம்பி இராமையா ஆகியோர் நடித்தது. கொம்பன் என்னும் காட்டு யானை மலையூர் மக்களைக் கொல்கின்றது. அதனை விரட்டப் பழக்கப்பட்ட கும்கி யானை வேண்டப்படுகின்றது. வந்து சேர்வதோ கோயிலிலும் விழாவிலும் நின்று பழகிய மாணிக்கம் என்னும் சாதுவான யானை. ஊரார் அதனைக் கும்கி என்றே நம்பி வணங்குகின்றனர். உண்மையறிந்தவர் பாகனும் உடன் வந்தோரும் மட்டுமே. அவருள் தம்பி இராமையா ஏற்ற மாமன் பாத்திரம் ஒவ்வோர் இரவும் கொம்பன் வருமோ என நடுங்குகின்றது. அந்நடுக்கமே காண்போர்க்கு நகை. ஊரார் பேதைமையும், மாமன் அச்சமும், யானையின் மடனும் ஒன்றோடொன்று முறுக்குண்டு செல்கின்றன. இறுதியிற் கொம்பன் உண்மையாகவே வந்துவிடுகின்றது. நம்மைச் சிரிக்கவைத்தோர் மாள்கின்றனர். மாணிக்கமும் பொருது மாள்கின்றது. நகை அழுகையாகத் திரிகின்றது. மேனாட்டு நகையச்சப் படங்கள் பெரும்பாலும் இறுதிவரை நகையைக் கைவிடுவதில்லை, ‘கும்கி’ கைவிடுகின்றது. அது குறை என்பாரும் உளர். சிரித்ததற்கு விலை கேட்கும் முடிபு எம் கருத்திற் படத்தின் வலிமையே.

கொம்பன் போர்க்காட்சி கணிப்பொறிச் சித்திரங்களின் துணைகொண்டு அமைக்கப்பட்டது. அதற்குக் காரணம் கலைநோக்கம் மட்டுமன்று. விலங்குகட்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் நிகழ்ச்சி விலங்குகளைப் பதிவு செய்யும் விதிகள் 2001-இல் வந்தன. தேவர் காலத்தில் இயன்றவை பின்னர் இயலாவாயின. உயிருள்ள விலங்கைத் திரைக்காக வெகுளச் செய்யும் வழக்கம் ஒடுங்கியது நன்றே.

இனிச் சிவகாசி. கரிசல் வறட்சியில் உழவு பொய்த்த இவ்வூரினின்று ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இற் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு திரும்பித் தொழில் தொடங்கினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு தீயின்பின் லித்தோ அச்சு வந்தது. அச்சின்பின் நாட்காட்டியும் திரைப்படச் சுவரொட்டியும் வந்தன. அண்மையிலுள்ள கோவிற்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராசு (1898–1976) நாடகத் திரை எழுதிய கையால் நாட்காட்டித் தெய்வங்களை எழுதினார் என்பதும் நினைக்கத்தக்கது. எழுத்தறியாதாரும் கடையில் தாம் வேண்டுவதனைச் சுட்டிக் கேட்கும் பொருட்டுச் சீட்டுகளில் விலங்கும் பறவையும் பொறித்தனர். இவ்வட்டாரத் தீப்பெட்டிகளுள் ‘சீட்டா பைட்’ எனப் பெயர் பெற்றதன் சீட்டில், மனிதனொருவன் சிறுத்தையோடு பொருகின்றான். கொல்விலங்கின் கதை முழுவதும் இரண்டு விரற்கடை அகலத்தில் அடங்கிவிட்டது. திரைப்படம் காணாத பாட்டியின் அடுப்பங்கரையிலும் நாள்தோறும் அச்சிறுத்தை பாய்ந்தது.

வெடிகளிலும் இவ்வழக்கு உண்டு. குருவி வெடி ஒன்று. பாம்பு மாத்திரை மற்றொன்று. சிறு கரிய வில்லையில் தீ வைத்த அளவில் சாம்பற் பாம்பு ஒன்று நெளிந்து எழுகின்றது. சிறுவர் முதலில் பின்வாங்குகின்றனர். பின்னர்க் கைகொட்டிச் சிரிக்கின்றனர். இளமை நகைக்குக் களன் என்ற இலக்கணத்திற்கு வேறு உதாரணம் தேடவேண்டுவதில்லை. திரையில் எள்ளலாகாத அணங்கை இம்மாத்திரை ஒன்றே விளையாட்டுப் பொருளாக்கியது.

ஆயின் உருமிசையும் அணங்கு என்றார் பேராசிரியர். வெடி வெடித்து முகம் கரியாகி நிற்கும் நகைச்சுவை நடிகனைத் தமிழ்த் திரை பன்முறை காட்டியுள்ளது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளிற் கொட்டகையில் அமர்ந்திருப்போருள், ஆலை விபத்தில் உற்றாரை இழந்தோர் இருத்தல் கூடும் என்பதனை அக்காட்சியை எழுதியோர் எண்ணியிருக்கமாட்டார். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை விபத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ‘கும்கி’ வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான். யானைக் கொலைக்கு அழவும், கரிமுகத்துக்குச் சிரிக்கவும் பழகிய அவையில், எது அச்சத்தின் களன், எது நகையின் களன் என்பது ஊர்தோறும் வேறுபடும்போலும். மெய்ப்பாட்டாராய்ச்சி செய்யும் மாணாக்கர் நூலைமட்டும் நோக்காது அவையையும் நோக்கவேண்டுவது இதனாலேயே.

மேற்கே திருவில்லிபுத்தூர் மலையில் 1988-இற் சாம்பல் நிற அணிலுக்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அம்மலைப்பகுதி மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. பட்டாசு ஆலைகளினின்று சில காத தூரத்திலேயே புலி உலவுகின்றது. மலையடிவாரத்து உழவர் காட்டுப் பன்றியை விரட்ட வெடி கொளுத்துவர். நாட்டின் பல பகுதிகளில் வெடிமருந்தை இரையிற் பொதிந்து வைக்கும் கொடுமையும் உண்டு. அதனை அவுட்டுக்காய் என்பர். 2020 மே மாதம் கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், கருவுற்ற யானையொன்று அத்தகைய இரையைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றுநீரில் நின்றவாறே உயிர்விட்டது. அடைக்கலக் காதையின் கீரியை நினையாது அச்செய்தியைப் படித்தல் அரிது.

சான்றுகளைப்பற்றி ஒரு சொல். இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய படங்களுட் பழையன பலவற்றின் பிரதிகள் சிதைந்தும் சிலவற்றின் முழு வடிவம் அருகியும் உள்ளன. எஞ்சுவன பாட்டுப்புத்தகமும் சுவரொட்டியும் சீட்டுமே. திரையில் விலங்கை எவ்வாறு காட்டினர் என்பதினும், மக்களை எவ்வாறு அஞ்சிவர அழைத்தனர் என்பதனை இத்தாள்களே தெரிவிக்கின்றன. யானையின் கண்ணுக்குச் செம்மை ஊட்டியிருப்பதும், நடிகன் முகத்தை அதன் துதிக்கையினும் பெரிதாக வரைந்திருப்பதும் ஆராய்வார்க்கு உரிய செய்திகள். இத்தாள்களைத் தமிழ்த்துறை நூலகங்கள் இலக்கியச் சான்றாக ஏற்றுத் தொகுத்தல் வேண்டும். இன்று அவை பெரும்பாலும் தனியார் பெட்டிகளிலேயே உள்ளன. லித்தோ முறையில் ஒரு படம் அச்சிட்டு முடிந்தபின், அக்கல்லின் முகத்தை மணலிட்டுத் தேய்த்து, அதன்மீதே அடுத்த படத்தை எழுதுவது தொழில்முறை. தேய்த்த கல்லிற் பழைய சித்திரத்தின் சுவடு நில்லாது. தாள் கிழிந்தால் மூலமும் இல்லை.